டெர்மினலில் இருந்து பிரிண்ட் வேலையை ரத்து செய்வது: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேண்டியது இரண்டு பக்கம். பக்க எண்ணைக் குறிப்பிட மறந்து 300 பக்க பிடிஎஃப்பை முழுதாக அனுப்பிவிட்டீர்கள். பிரிண்டர் தாளை இழுக்கத் தொடங்கிவிட்டது. திரையில் ரத்து பொத்தானைத் தேடினால் அந்தச் சின்னப் பெட்டி எப்போதோ மறைந்துவிட்டது. இந்த நேரத்தில் பெரும்பாலானோர் பிரிண்டரின் சுவிட்சை அணைக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அணைத்த பிரிண்டரை மறுபடி போட்டதும் அதே வேலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். இல்லையென்றால் தாளுக்கு ஒரு வரி வீதம் புரியாத எழுத்துகளைக் கொட்டும். இரண்டிலும் தாள்தான் வீண்.

இந்தக் கட்டுரை உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் கணினிகளுக்காக எழுதப்பட்டது. அவற்றில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள் கப்ஸ். மேக் கணினியிலும் இருப்பது கப்ஸ்தான், அதனால் வேலையைப் பார்ப்பதும் ரத்து செய்வதும் அங்கும் இதே கட்டளைகளால் நடக்கும். விண்டோஸுக்கு வழி வேறு. அது கடைசியில் தனியாக இருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பிரிண்ட் கொடுத்த கோப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதலில் வரிசையில் நிற்கும். முறை வந்ததும் கப்ஸ் அதைப் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, கம்பி வழியாகத் தள்ளும். தள்ளியது பிரிண்டரின் சொந்த நினைவகத்தில் போய்ச் சேரும். கட்டளை எட்டுவது முதல் இரண்டு இடங்களை மட்டும்தான். மூன்றாவது இடத்துக்குப் பிரிண்டரின் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். ரத்து செய்த பிறகும் தாள் வருகிறதே என்று தவிப்பவர்கள் எல்லோரும் இந்த மூன்றாவது இடத்தை மறந்தவர்கள்.

1. கட்டளைகளை எப்படித் தட்டுவது

கட்டளைகள் இங்கே தமிழ் எழுத்தில், ஒலிப்பில் தரப்பட்டிருக்கின்றன. டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறது. முக்கியமான சொற்களின் எழுத்துக் கூட்டல் இது:

எல்பிஸ்டாட் என்பது எல், பி, எஸ், டி, ஏ, டி. பி எங்கும் பிரிண்டரின் முதல் எழுத்து, இங்கே டி இரண்டும் டெர்மினலின் முதல் எழுத்து. வரிசையைக் காட்டுவது இதுதான்.
கேன்சல் என்பது ரத்து என்பதற்கான அதே ஆங்கிலச் சொல். கடைசியில் ஒரே ஒரு எல்.
எல்பிஆர்எம் என்பது எல், பி, ஆர், எம். ரத்து செய்யும் பழைய கட்டளை.
சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ. இந்த டி, டெல்லியின் முதல் எழுத்து. நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவதற்கு.
கப்ஸ்டிஸேபிள், கப்ஸ்எனேபிள் இரண்டும் சி, யூ, பி, எஸ் என்ற நான்கு எழுத்தோடு டிஸேபிள், எனேபிள் என்ற சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டியவை.

கோடு போட்டு வரும் ஒற்றை எழுத்துகளுக்கு முன்னால் ஓர் இடைவெளி வேண்டும். கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி கூடாது.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

அவசரம் வருவதற்கு முன்பே இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பிரிண்டரின் மேல் ஒட்டிவையுங்கள்.

கப்ஸில் பிரிண்டரின் பெயர் முதலாவது. பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயர் வேறு, கப்ஸ் வைத்திருக்கும் பெயர் வேறு. கப்ஸ் பெயரில் இடைவெளி இருக்காது. அந்த இடத்தில் பெரும்பாலும் அடிக்கோடு இருக்கும். தெரிந்துகொள்ள:

எல்பிஸ்டாட் -பி

இயல்பான பிரிண்டர் எது என்பது இரண்டாவது. கட்டளையில் பெயர் சொல்லாவிட்டால் கப்ஸ் எடுத்துக்கொள்வது அதைத்தான்:

எல்பிஸ்டாட் -டி

இந்த டி, டெல்லியின் முதல் எழுத்து. நுழைந்திருக்கும் கணக்கில் சூடோ உரிமை இருக்கிறதா என்பது மூன்றாவது. உங்கள் வேலையை நீங்களே ரத்து செய்ய அது தேவையில்லை. மற்றவர் வேலையைத் தொடவும், பிரிண்டரை நிறுத்தி வைக்கவும் தேவைப்படும். அலுவலகத்தில் அந்தக் கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருந்து, அவர் விடுப்பில் போனால் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டு பேரிடமாவது உரிமை இருக்கட்டும்.

3. முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள்

பெரிய வேலை ஓடிக்கொண்டிருந்தால், எந்த எண், யாருடையது என்று ஆராய்வதற்குள் முப்பது நாற்பது தாள் போய்விடும். முதலில் வரிசையை நிறுத்திவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். பிரிண்டரின் பெயர் ஆபீஸ்லேசர் என்று வைத்துக்கொள்வோம்:

சூடோ கப்ஸ்டிஸேபிள் ஆபீஸ்லேசர்

ஓடிக்கொண்டிருந்த வேலை இத்துடன் நின்று வரிசைக்குத் திரும்பும். ரத்தாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நீக்காமல் பிரிண்டரைத் திறந்துவிட்டால் அது முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஓடும். இதுவரை வந்த பக்கங்களையெல்லாம் கப்ஸ் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

டெபியனில் சூடோ இல்லாமல் இதைத் தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரலாம். கட்டளை இருக்கிறது. நிர்வாகிக்கான அடைவில் (ஃபோல்டரில்) இருப்பதால் சாதாரணக் கணக்கின் தேடலில் அகப்படவில்லை, அவ்வளவுதான். சூடோ சேர்த்தால் ஓடும்.

கணினி ஒரு மூலையிலும் பிரிண்டர் இன்னொரு மூலையிலும் இருந்தால், ஒரு தாள் முழுதாக வெளியே வந்த கணத்தில் தாள் தட்டை வெளியே இழுத்துவிடுங்கள். தாள் இல்லை என்று பிரிண்டர் காத்துக்கொண்டிருக்கும். தரவு எதுவும் குழம்பாது. தாளை உருளை பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது தட்டை இழுத்தால் அது சிக்கிக் கிழியும்; பிறகு மூடியைத் திறந்து துண்டு துண்டாக எடுக்க வேண்டியிருக்கும்.

4. வரிசையைப் பாருங்கள்

எல்பிஸ்டாட் -ஓ

முடியாமல் நிற்கும் வேலைகள் ஒரு வரிக்கு ஒன்றாக வரும். ஒரு வரி இப்படி இருக்கும்:

ஆபீஸ்லேசர்-217   கணக்கு1   4194304   பின்னால் தேதியும் நேரமும்

முதலில் பிரிண்டரின் பெயர், ஒரு கோடு, பிறகு வேலை எண். இந்த 217தான் உங்களுக்கு வேண்டியது. அடுத்து, பிரிண்ட் கொடுத்தவரின் கணக்குப் பெயர். அதற்கடுத்த பெரிய எண் பக்கங்களின் எண்ணிக்கை இல்லை, பைட் கணக்கில் கோப்பின் அளவு. 4194304 என்றால் சரியாக 4 எம்பி. இதைப் பக்கம் என்று நினைத்துப் பதறுபவர்கள் உண்டு. ஸ்கேன் செய்த ஒரே ஒரு பத்திர நகல்கூடப் பத்து எம்பி வரலாம். எழுத்து மட்டும் உள்ள நூறு பக்கம் ஓர் எம்பிக்குள் அடங்கலாம். ஆகவே அளவை வைத்து வேலையை அடையாளம் காணாதீர்கள். நேரத்தையும் கணக்குப் பெயரையும் பாருங்கள்.

கோப்பின் பெயரும் தெரிய வேண்டுமென்றால் எல்பிக்யூ கட்டளை இருக்கிறது. எழுத்துகள் எல், பி, க்யூ:

எல்பிக்யூ -பி ஆபீஸ்லேசர்

இதில் வரும் பி பெரிய எழுத்து. இப்போது ஓடும் வேலைக்கு நேரே ஆக்டிவ் என்றும், காத்திருப்பவற்றுக்கு முதலாவது, இரண்டாவது என்று வரிசை எண்ணும் தெரியும்.

மற்றவர் கொடுத்த வேலைகளில் பெயரும் கோப்புப் பெயரும் உங்களுக்கு மறைந்து வந்தால் அது பிழை இல்லை. வேலைக்கு உரியவரும் நிர்வாகியும் தவிர வேறு யாருக்கும் அவற்றைக் காட்டாமலிருப்பது கப்ஸின் இயல்பான அமைப்பு. சூடோ சேர்த்து அதே கட்டளையைத் தட்டினால் முழுதாகத் தெரியும்.

வரிசை காலியாக இருந்தும் தாள் வந்துகொண்டே இருந்தால் இரண்டு வாய்ப்புகள். வேலை முழுதும் பிரிண்டரின் நினைவகத்துக்குப் போய்விட்டிருக்கலாம். அதற்கு 7ஆம் படிக்குப் போங்கள். அல்லது உங்கள் கணினி, அலுவலகத்தின் அச்சுச் சர்வருக்கு வேலையை ஒப்படைத்துவிட்டிருக்கலாம். ஒப்படைத்ததும் உங்கள் பக்கத்தில் அது முடிந்த வேலை. சர்வரின் வரிசையைத்தான் பார்க்க வேண்டும்:

எல்பிஸ்டாட் -எச் சர்வர்பெயர் -ஓ

முடிந்தவை, ரத்தானவை ஆகியவற்றின் பட்டியலும் கிடைக்கும். எது ஏற்கெனவே ஓடி முடிந்தது என்று சரிபார்க்க இது உதவும்:

எல்பிஸ்டாட் -டபிள்யூ கம்ப்ளீட்டட் -ஓ

டபிள்யூ பெரிய எழுத்து. அது ஓவுக்கு முன்னால்தான் வர வேண்டும். பின்னால் போட்டால் கப்ஸ் பிழை எதுவும் சொல்லாது, முடியாத வேலைகளையே காட்டும். பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

5. ஒரு வேலையை மட்டும் ரத்து செய்தல்

கேன்சல் 217

பெயரோடு சேர்த்து கேன்சல் ஆபீஸ்லேசர்-217 என்றும் தட்டலாம். பல எண்களை இடைவெளி விட்டு வரிசையாகக் கொடுக்கலாம்:

கேன்சல் 217 219 220

எண்களை எப்போதும் அப்போது எடுத்த பட்டியலிலிருந்து எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு முன் பார்த்த பட்டியலை நம்பி 218ஐ நீக்கி, பக்கத்து மேசைக்காரரின் சம்பளப் பட்டியல் போய்விட்டால் சங்கடம்.

எல்பிஆர்எம் 217 என்பதும் இதே வேலையைச் செய்யும். இரண்டில் எது மேல் என்றால் கேன்சல்தான். எல்பிஆர்எம்மின் பின்னால் தவறுதலாக ஒற்றைக் கோடு மட்டும் விழுந்துவிட்டால் எல்லா வேலையையும் நீக்கு என்று அர்த்தமாகிவிடும். புதியவர்கள் கையில் அவ்வளவு கூர்மையான கத்தி வேண்டாம்.

இன்னொரு கண்ணி: எண் எதுவும் கொடுக்காமல் கேன்சல் என்றோ எல்பிஆர்எம் என்றோ மட்டும் தட்டி என்டர் அழுத்தினால், உதவிக் குறிப்பு வரும் என்று எதிர்பார்ப்போம். அது நடக்காது. இயல்பான பிரிண்டரில் அந்த நொடி ஓடும் வேலை ரத்தாகும். அது யாருடையதாகவும் இருக்கலாம்.

உரிமை இல்லை என்று மறுத்தால் அல்லது கடவுச்சொல் கேட்டால், அந்த வேலை உங்கள் கணக்கில் கொடுத்தது இல்லை. கொடுத்தவரையே ரத்து செய்யச் சொல்லுங்கள். அவர் இல்லையென்றால் சூடோ கேன்சல் 217.

ரத்து செய்ய வேண்டாம், கொஞ்சம் நிறுத்திவைத்தால் போதும் என்ற நிலையும் உண்டு. பின்னால் நிற்பவருக்கு ஒரே ஒரு பக்க ரசீது வேண்டும், முன்னால் உங்கள் புத்தகம் நிற்கிறது என்றால்:

எல்பி -ஐ 217 -எச் ஹோல்டு

பிறகு ஹோல்டு இருந்த இடத்தில் ரிஸ்யூம் என்று போட்டால் வேலை தொடரும். இங்கே எச் பெரிய எழுத்து. காத்திருக்கும் வேலைக்கு இது அருமையான வழி. இந்தப் பிரிண்டர் பழுது, அடுத்த அறைப் பிரிண்டர் சும்மா இருக்கிறது என்றால் வேலையை அங்கே மாற்றியும் விடலாம்: சூடோ எல்பிமூவ் 217 புதியபிரிண்டர். ரத்து செய்து மறுபடி கொடுப்பதைவிட இது சுலபம்.

6. மொத்தமாக நீக்குதல்

ஒரு பிரிண்டரின் வரிசை முழுவதையும் காலி செய்ய:

சூடோ கேன்சல் -ஏ ஆபீஸ்லேசர்

பிரிண்டர் பெயரை மறந்துவிட்டு -ஏ மட்டும் தட்டினால் அந்தக் கணினியில் உள்ள எல்லாப் பிரிண்டர்களின் எல்லா வேலைகளும் போய்விடும். சூடோவும் சேர்ந்திருந்தால் தடுப்பதற்கு எதுவுமில்லை, நிச்சயமா என்று ஒரு கேள்விகூட வராது. சர்வரில் உட்கார்ந்து இந்தத் தவறைச் செய்தால் ஒரு கட்டடமே மறுபடி பிரிண்ட் கொடுக்க வேண்டியிருக்கும். என்டர் அழுத்தும் முன் வரியின் கடைசிச் சொல் பிரிண்டரின் பெயர்தானா என்று ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

ஒரே ஒருவரின் வேலைகளை மட்டும் நீக்க:

சூடோ கேன்சல் -யூ கணக்கு1

-யூவையும் -ஏவையும் ஒரே கட்டளையில் கலக்காதீர்கள். ஒருவருடைய எல்லா வேலையும் என்று நீங்கள் நினைப்பதைக் கட்டளை அப்படியே புரிந்துகொள்ளும் என்று நம்ப முடியாது.

7. காத்திருங்கள், பிறகு பிரிண்டரின் பொத்தான்

ரத்துக் கட்டளை கொடுத்ததும் டெர்மினல் ஒன்றும் சொல்லாது. மௌனம்தான் வெற்றி. ஆனால் பிரிண்டர் உடனே நிற்காது. கோப்பை மாற்றித் தள்ளிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு கப்ஸ் முதலில் நிறுத்தச் சொல்லி அறிவிக்கும். அவை கேட்காவிட்டால் 30 வினாடி பொறுத்து வலுக்கட்டாயமாக நிறுத்தும். யாரும் மாற்றாதவரை கப்ஸின் இயல்பான பொறுமை அந்த 30 வினாடிதான். நிமிடத்துக்கு 20 பக்கம் ஓடும் லேசர் என்றால் அதற்குள் 10 தாள் வரலாம். அந்தப் பத்தைப் பார்த்துப் பதறி சுவிட்சை அணைத்தால் இதுவரை சரியாகச் செய்ததெல்லாம் கெடும்.

30 வினாடி கழித்து வரிசையை மறுபடி பாருங்கள். 217 இல்லை, ஆனாலும் தாள் வருகிறது என்றால், வருவது பிரிண்டரின் நினைவகத்தில் ஏற்கெனவே சேர்ந்தது. இப்போது பிரிண்டரின் முகப்பில் உள்ள ரத்து பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் அதன்மேல் பெருக்கல் குறி போட்டிருக்கும். சில மாடல்களில் சில வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சொந்தமாக ஹார்டு டிஸ்க் உள்ள பெரிய நகல் இயந்திரங்களில் திரையில் வேலைப் பட்டியலைத் திறந்து அங்கிருந்து நீக்க வேண்டும்.

இந்த வரிசை முக்கியம்: முதலில் கணினி, பிறகு பிரிண்டர். மாற்றிச் செய்தால், பிரிண்டர் தன்னிடம் இருந்ததைத் தூக்கிப் போட்ட இடத்தில் கணினி மிச்சத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

புரியாத எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பிரிண்டருக்குப் போகும் தரவின் தலைப்பகுதியில்தான், இது எந்த மொழி, எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. நடுவில் மின்சாரம் போய்த் திரும்பினால் பிரிண்டருக்கு அந்தத் தலைப்பகுதி மறந்துவிடும். கணினி மிச்சத்தைத் தொடர்ந்து தள்ளும்போது, வருவதெல்லாம் வெறும் எழுத்து என்று நினைத்து அப்படியே அச்சடிக்கும். அணைத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால் வரிசை காலியானதை உறுதிசெய்துவிட்டு, யூஎஸ்பி கம்பியைப் பிடுங்கிவிட்டு, அரை நிமிடம் அணைத்துவைத்துப் போடுங்கள். போட்டு, பிரிண்டர் அமைதியாக நின்ற பிறகு கம்பியைச் செருகுங்கள்.

8. எண் போகாமல் அடம்பிடித்தால்

ஒரு நிமிடம் ஆகியும் வேலை பட்டியலில் நிற்கிறது, அல்லது எல்பிஸ்டாட் -பி அதே வேலை ஓடுவதாகவே சொல்கிறது. கப்ஸை மறுதொடக்கம் செய்யுங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கப்ஸ்

பிறகு மறுபடி கேன்சல் 217. மறுதொடக்கம் மட்டும் போதாது. வேலைகள் நினைவகத்தில் மட்டும் இருப்பவை இல்லை, வட்டில் (டிஸ்கில்) எழுதப்பட்டவை. கணினியையே அணைத்துப் போட்டாலும் அவை உயிரோடு திரும்பி வரும். கணினியை ரீஸ்டார்ட் செய்தும் போகவில்லை என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

இன்னும் போகவில்லையென்றால் கடைசி வழி, கோப்புகளைக் கையால் நீக்குவது. எல்லாக் கோப்பையும் நீக்கினால் எல்லாப் பிரிண்டர்களின் எல்லா வேலையும் போய்விடும் என்று தெரிந்தே இறங்குங்கள். முதலில் கப்ஸை நிறுத்த வேண்டும். கப்ஸ்.சர்வீஸை மட்டும் நிறுத்தினால், யாராவது பிரிண்ட் கொடுத்த மறுகணம் கப்ஸ்.சாக்கெட் அதை எழுப்பிவிடும். கப்ஸ்.பாத் என்பதோடு மூன்றையும் சேர்த்து நிறுத்துங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கப்ஸ்.சர்வீஸ் கப்ஸ்.சாக்கெட் கப்ஸ்.பாத்

வேலைகள் இருக்கும் அடைவு /வார்/ஸ்பூல்/கப்ஸ். அதற்குள் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வகைக் கோப்பு இருக்கும். சி எழுத்தில் தொடங்குவது வேலையின் விவரம், 217க்கு சி00217. டி எழுத்தில் தொடங்குவது அச்சடிக்க வேண்டிய உள்ளடக்கம், டி00217-001. இதுவும் டெல்லியின் டி. அந்த ஒரு வேலைதான் தொல்லை என்றால் அந்த இரண்டை மட்டும் நீக்கினால் போதும்:

சூடோ ஆர்எம் /வார்/ஸ்பூல்/கப்ஸ்/சி00217 /வார்/ஸ்பூல்/கப்ஸ்/டி00217-001

எல்லாவற்றையும் நீக்க நட்சத்திரக் குறி போட்டு சூடோ ஆர்எம் /வார்/ஸ்பூல்/கப்ஸ்/சி* என்று தட்டுபவர்கள், அப்படிக் கோப்பு எதுவும் இல்லை என்ற பதிலைப் பார்த்துக் குழம்புவார்கள். நட்சத்திரத்தை விரித்துக் கோப்புப் பெயர்களாக மாற்றுவது உங்கள் ஷெல், அதாவது தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல், சூடோ இல்லை. சாதாரணக் கணக்கில் ஓடும் ஷெல்லுக்கு அந்த அடைவின் உள்ளே பார்க்க உரிமை கிடையாது. அதனால் விரிக்க முடியாமல் நட்சத்திரத்தை அப்படியே அனுப்பிவிடுகிறது. முதலில் சூடோ -ஐ என்று தட்டி நிர்வாகி ஷெல்லுக்குள் போய்விட்டு நீக்குங்கள், முடிந்ததும் எக்ஸிட். உள்ளே டிஎம்பி என்ற துணை அடைவு இருக்கும், அதைத் தொடாதீர்கள். கப்ஸ் என்ற அடைவையும் நீக்கிவிடாதீர்கள்.

கடைசியாக சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கப்ஸ்.சாக்கெட் கப்ஸ்.பாத் கப்ஸ்.சர்வீஸ்.

இத்தனைக்குப் பிறகும் அதே ஆவணம் புது எண்ணோடு வரிசையில் முளைத்தால், அதை அனுப்பிக்கொண்டிருப்பது வேறொரு கணினி. அந்தக் கணினியின் வரிசையிலும் அது நிற்கும். அங்கே போய் ரத்து செய்யாமல் இங்கே நீக்கிப் பயனில்லை. எந்தக் கணினி என்று தெரியாவிட்டால் /வார்/லாக்/கப்ஸ் அடைவில் உள்ள ஆக்சஸ்_லாக் கோப்பில் வரியின் தொடக்கத்திலேயே முகவரி இருக்கும்.

9. மறுபடி திறந்துவிடுங்கள்

3ஆம் படியில் நிறுத்தியதைத் திறக்க மறந்துவிடுவது எல்லோருக்கும் நேர்வது. பிரிண்டரை நிறுத்தினாலும் வரிசை புதிய வேலைகளை வாங்கிக்கொண்டே இருக்கும். பிரிண்ட் போனது, தாள் வரவில்லை என்று ஒவ்வொருவரும் நான்கைந்து முறை கொடுத்துவைப்பார்கள். திறந்ததும் அத்தனையும் வரும். அதனால் திறக்கும் முன் ஒரு முறை எல்பிஸ்டாட் -ஓ பார்த்து, இரட்டிப்பானவற்றை நீக்கிவிட்டுத் தட்டுங்கள்:

சூடோ கப்ஸ்எனேபிள் ஆபீஸ்லேசர்

நிறுத்தும்போது புதியவற்றை வாங்கவும் வேண்டாம் என்றால் கப்ஸ்ரிஜெக்ட், மறுபடி வாங்கச் சொல்ல கப்ஸ்அக்செப்ட். டோனர் மாற்றுவது போன்ற பராமரிப்புக்கு, ஓடும் வேலையை வெட்டாமல் முடியவிட்டு அடுத்தவற்றை மட்டும் தடுக்க வேண்டும். அதற்கு கப்ஸ்டிஸேபிளோடு --ஹோல்டு சேர்க்கலாம். அதை விடுவிக்க கப்ஸ்எனேபிளோடு --ரிலீஸ்.

ஒரு பிழைக்கே பிரிண்டர் நின்று வரிசை அடைபடுவது அடிக்கடி நடந்தால், பிழைக் கொள்கையை மாற்றிவிடுங்கள். பிழையான வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்வது இது:

சூடோ எல்பிஅட்மின் -பி ஆபீஸ்லேசர் -ஓ பிரிண்டர்-எர்ரர்-பாலிசி=அபார்ட்-ஜாப்

பலர் பங்கிடும் பிரிண்டருக்கு இதுதான் பொருத்தம். ஒருவரின் கெட்டுப்போன கோப்புக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டாம்.

10. ரத்தான ஆவணம் வட்டில் இருக்கிறது

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. வரிசையிலிருந்து போய்விட்டால் ஆவணமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கப்ஸ் அமைப்பை யாரும் மாற்றாதவரை, முடிந்த, ரத்தான வேலைகளின் உள்ளடக்கக் கோப்பை 86400 வினாடி, அதாவது முழுதாக ஒரு நாள், வைத்திருக்கும்.

இதில் ஒரு நன்மை உண்டு. தவறான எண்ணை ரத்து செய்துவிட்டால் மூலக் கோப்பைத் தேடி ஓட வேண்டாம்:

எல்பி -ஐ 217 -எச் ரீஸ்டார்ட்

ஆதார் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை முடிவு போன்றவற்றைப் பொதுக் கணினியில் பிரிண்ட் கொடுத்தால் இதுவே ஆபத்து. சாதாரணக் கணக்கால் திறக்க முடியாது என்றாலும் நிர்வாகி உரிமை உள்ள யாரும் திறந்து பார்க்கலாம், மறுபடி அச்சடிக்கலாம். அப்படிப்பட்ட வேலையை எக்ஸ் சேர்த்து ரத்து செய்யுங்கள்:

சூடோ கேன்சல் -எக்ஸ் 217

உள்ளடக்கக் கோப்பும் சேர்ந்து அழியும். முடிந்துபோன வேலைக்கும் இதைப் பயன்படுத்தலாம். பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் வாடிக்கையாளரின் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்வது முடியாத காரியம். கப்ஸ்டி.கான்ஃப் (டெல்லியின் டி) என்ற அமைப்புக் கோப்பில் பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் என்ற வரியைச் சேர்த்து அதன் மதிப்பை நோ என்று வைத்துவிடுங்கள். நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் அது, அவர்கள் கதவைத் தாண்டிய பிறகு நம் வட்டில் தங்கக் கூடாது.

11. விண்டோஸ் கணினியில்

விண்டோஸின் கட்டளைச் சாளரங்களில் ஒன்றான பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து, முதலில் கெட்-பிரிண்டர் என்று தட்டிப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பெயரில் இடைவெளி இருக்கும், ஆகவே மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

கெட்-பிரிண்ட்ஜாப் -பிரிண்டர்நேம் "ஆபீஸ் லேசர்"

ஐடி என்ற பத்தியில் எண் தெரியும். நீக்க:

ரிமூவ்-பிரிண்ட்ஜாப் -பிரிண்டர்நேம் "ஆபீஸ் லேசர்" -ஐடி 12

பிரிண்ட்ஜாப் என்பதற்குள் இடைவெளியோ கோடோ இல்லை. விண்டோஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் ஸ்பூலர் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தால் இத்துடன் முடிந்தது.

விண்டோஸின் தனித் தலைவலி, நீக்கப்படுகிறது என்ற நிலையிலேயே மணிக்கணக்காக நிற்கும் வேலை. அதற்குச் சாதாரணக் கட்டளைச் சாளரத்தை, அதாவது சிஎம்டியை, நிர்வாகியாகத் திறந்து மூன்று வரி தட்டுங்கள்:

நெட் ஸ்டாப் ஸ்பூலர்
டெல் /க்யூ /எஃப் %சிஸ்டம்ரூட்%\சிஸ்டம்32\ஸ்பூல்\பிரிண்டர்ஸ்\*.*
நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்

இந்த அடைவில் ஒவ்வொரு வேலைக்கும் எஸ்பிஎல், எஸ்எச்டி என்ற இரண்டு பின்னொட்டுகளில் கோப்பு இருக்கும். முன்னது உள்ளடக்கம், பின்னது அமைப்பு விவரம். கோப்புகளை மட்டும் நீக்குங்கள், பிரிண்டர்ஸ் என்ற அடைவு அங்கேயே இருக்கட்டும். எல்லாப் பிரிண்டர்களின் வரிசையும் இத்துடன் காலியாகும், அதனால் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

சதவீதக் குறிகளுக்கு நடுவில் உள்ள சிஸ்டம்ரூட் சிஎம்டிக்குப் புரியும், பவர்ஷெல்லுக்குப் புரியாது. அதே வரியைப் பவர்ஷெல்லில் ஒட்டினால் பிழை வரும். அணுகல் மறுக்கப்பட்டது என்று வந்தால் சாளரத்தை நிர்வாகியாகத் திறக்கவில்லை. கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால் ஸ்பூலர் இன்னும் நிற்கவில்லை. நிறுத்தும் கட்டளையே நகராமல் தொங்கினால்:

டாஸ்க்கில் /எஃப் /ஐஎம் ஸ்பூல்எஸ்வி.இஎக்ஸ்இ

இதற்குப் பிறகு டெல் வரியைத் தட்டுங்கள். கொல்லப்பட்ட ஸ்பூலரை விண்டோஸ் தானாகவே எழுப்பிவிடலாம் என்பதால் இரண்டு வரிக்கும் நடுவில் தாமதிக்காதீர்கள். எழுந்துவிட்டால் நெட் ஸ்டாப் ஸ்பூலரை மறுபடி கொடுத்துப் பாருங்கள். இந்த முறை உடனே நிற்கும் வாய்ப்பு அதிகம்.